தண்ணீர் மட்டும் போதும்

ஐப்பசி 12, செவ்வாய்

தினம் நூற்றெட்டுத் தடவை சரவணபவ எழுதுகிற நோட்டு பைக்குள்தான் இருக்கிறது. அதை இங்கே வெளியே எடுக்க மனசு வரவில்லை. இந்தப் பக்கக் கட்டிலடியில் மூத்திர வாளி, அந்தப் பக்கம் ரத்தம் துடைத்துப் போட்ட பஞ்சு. இதற்கு நடுவில் உட்கார்ந்து முருகன் பெயரை எப்படி எழுத? ஆனால் எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் ஆஸ்பத்திரி வாசல் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். நடந்ததை எழுதுவோம். தீட்டுப்பட்டாலும் இதற்கு ஒன்றுமில்லை.

நேற்று தீபாவளி. இன்று சஷ்டி விரதம் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போவதாக இருந்தேன். விடியத் தலைக்குக் குளித்துவிட்டு ஒரு தம்ளர் பாலைக் கையில் எடுக்கிறேன், வாழைத்தோட்டத்திலிருந்து சங்கரபாண்டி நொண்டிக்கொண்டே வருகிறான். என் தம்பி மகன். தம்பியும் அவன் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்த பிறகு என் கையில் வளர்ந்தவன்.

"அத்த, மடை தொறக்கக் குனிஞ்சேன். சருகுக்குள்ள கெடந்திருக்கு. குக்கர் மாதிரி சீறிச்சு. காலுல போட்டுட்டு."

கண்ணாடிவிரியன். கணுக்காலுக்கு மேல் இரண்டு பொட்டு. அவன் பெண்டாட்டி கோமதி ஏழு மாசக்காரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலையில் சாய்ந்துவிட்டாள். "ஏளா, நீ இங்கனயே இரு. நான் பாத்துக்கிடுதேன்" என்று அவளை உட்கார வைத்தேன். அவன் நெற்றியில் திருநீறு பூசி ஆட்டோவில் ஏற்றித் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். வழியெல்லாம் கவசம் சொன்னேன். ஆட்டோக்காரன் பாட்டை நிறுத்திவிட்டான், நல்ல பிள்ளை.

பாம்பு விஷத்தைக் கண்டுபிடிக்க இங்கே பெரிய மெஷின் எதுவும் கிடையாது. ஒரு கண்ணாடிக் குழாய்தான். அதில் இவன் ரத்தத்தைக் கொஞ்சம் விட்டு ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். இருபது நிமிஷம் யாரும் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன்.

"தள்ளி நில்லுங்கம்மா, உங்க மூச்சுக்காத்துலயே ஆடிடும்போல இருக்கு" என்றது டாக்டரம்மா. வேலூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது, கழுத்தில் ஒன்றுமில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பாக இருக்கிறது, தூக்கமே கிடையாது போல.

இருபது நிமிஷம் கழித்துக் குழாயைச் சரித்தது. ரத்தம் தண்ணீராக ஓடியது.

"உறையலம்மா. விஷம் ரத்தத்துல கலந்திருக்கு. உறையிற வரைக்கும் மருந்து போடணும்."

விஷமுறிவு ஊசி பத்துப் பாட்டிலைக் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும் குழாய் வைப்பார்களாம். சாயங்காலம் வைத்ததும் ஓடியது. மறுபடி பத்து. இவன் ஈறிலிருந்து ரத்தம் கசிகிறது. துடைத்துத் துடைத்து என் முந்தானை நாசம்.

பால் குடிக்க மறந்தேவிட்டேன்.

ஐப்பசி 13, புதன்

கட்டிலுக்கு அடியில் சீலையை விரித்துப் படுத்தேன். தூங்கினேனா என்று தெரியவில்லை.

காலையில் வைத்த குழாயில் ரத்தம் கொஞ்சம் கொழகொழவென்று இருந்தது. "நல்ல அறிகுறிதான், பொறுங்க" என்றாள் நர்ஸ் ஜெபமணி. மத்தியானம் வைத்தார்கள். டாக்டரம்மா குழாயைச் சரித்தது. அசையவில்லை. தலைகீழாகவே கவிழ்த்தது. அப்படியும் அசையவில்லை. நல்ல ஈரல் துண்டு மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"முருகா, நீ இருக்கய்யா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"ஏசுவும்தான் இருக்காரு. நான் காலையில இருந்து ஜெபம் பண்ணிட்டுல்லா இருக்கேன்" என்றாள் ஜெபமணி.

"ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கிடட்டும் தாயி. நமக்குப் புள்ள பொழச்சாப் போதும்."

"ஒரேயடியா ஆடாதீங்க" என்றது டாக்டரம்மா. "நாளைக்கும் வச்சுப் பாக்கணும். சில பேருக்கு விஷம் திரும்பக் கிளம்பும்."

ஈறு ரத்தம் நின்றுவிட்டது. மூத்திரம் தெளிவாகப் போகிறது. சங்கரபாண்டி இட்லி கேட்டான். வாங்கிக் கொடுத்தேன். வாசனை பிடித்தே என் வயிறு நிறைந்தது என்று சொல்லிக்கொண்டேன், நிறையவில்லை. ஒரு வாழைப்பழமும் பாலும்.

வார்டைக் கூட்டித் துடைக்கிற வேலம்மாளோடு பேசிக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்டு வேலை. எந்த நேரமும் வராதே என்று சொல்லிவிடலாம், கேள்வி முறை கிடையாது. புருஷன் எங்கேயோ போய்விட்டான், மாமியாரை இவள்தான் வைத்துப் பார்க்கிறாள்.

"ஓடிப்போனவனோட அம்மாவ நீ ஏன்ளா பாக்க?" என்றேன்.

"அவுகளும் என்னய மாதிரிதானக்கா. அவனப் பெத்த பாவத்துக்கு ஏமாந்தவுக" என்றாள்.

நல்ல பதில்தான். என் விரதத்தைப் பார்த்து, அவள் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தாள்.

ஐப்பசி 14, வியாழன்

காலைக் குழாயும் உறைந்தது. இன்னும் இரண்டு தடவை இப்படி உறைந்தால் சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டது. கோமதிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அத்தே, அவ்வோகிட்ட குடுங்க" என்றாள். கொடுத்தால் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். காசு போகிறதே என்று இருந்தது.

துணி துவைக்கப் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். அங்கே வேலம்மாள் ஒரு வாளி நிறையக் கண்ணாடிக் குழாய்களை வைத்துக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை செய்த குழாய்கள். பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டது. அதை எடுத்து வெறும் தண்ணீரில் அலசி வெயிலில் கவிழ்க்கிறாள், அவ்வளவுதான். புதுக் குழாய் வந்து சேரவில்லையாம். அதுவரைக்கும் இதைத்தான் திருப்பித் திருப்பி.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. எத்தனை பேர் ரத்தம் ஊறிய குழாய். செத்தவன் ரத்தமும் இருந்திருக்கும். அதிலேயா என் பிள்ளை ரத்தத்தையும் விட்டார்கள்?

அந்த நேரம் பிரசவ வார்டிலிருந்து வேலம்மாளைக் கூப்பிட்டார்கள். தரையெல்லாம் கிடக்கிறது, உடனே வா என்று.

"அக்கா, இந்த வாளிய மட்டும் அலசிக் கவுத்துருதியளா? தண்ணி மட்டும் போதும். சோப்பு கீப்பு போட்டுராதிய."

"ஏன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. போடக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிருக்காவ."

அவள் ஓடினாள். நான் உட்கார்ந்தேன். வெறும் தண்ணீரில் அலசினால் போகிற தீட்டா இது? வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நான் அப்படி அலசிக் கவிழ்க்க மாட்டேன். பாத்திரம் தேய்க்கிற சோப்புக் கட்டி என்னிடம் இருந்தது. ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டுச் சுழற்றி, சாமி விளக்கை விளக்குகிற மாதிரி விளக்கினேன். அலசிக் கவிழ்த்தேன். வெயிலில் ஒவ்வொன்றும் வைரம் மாதிரி மின்னியது. மழைக்காலத்தில் இப்படி ஒரு வெயில் அடித்ததே முருகன் செயல்தான். வேலம்மாள் வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, என்னய விட நல்லா அலசிருக்கிய" என்றாள். வீட்டு வேலை பார்த்த கை என்றேன்.

சாயங்காலம்

குழாய் வைத்தார்கள். உறையவில்லை. தண்ணீர்.

விஷம் திரும்பிவிட்டது என்றார்கள். மறுபடி மருந்து ஏற்றினார்கள். பாதி ஏறுவதற்குள் அவனுக்கு உடம்பெல்லாம் தடித்து, உதறி, மூச்சு இழுத்தது. "அத்த, நெஞ்சு அடைக்கு" என்கிறான். கண் செருகுகிறது. டாக்டரம்மா ஓடி வந்து ஏதோ ஊசி போட்டது. நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கால், கடிபட்ட காலா என்றுகூடத் தெரியவில்லை. மூச்சு திரும்பிவிட்டது. மிச்ச மருந்தையும் மெல்ல மெல்ல ஏற்றி முடித்தார்கள்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஐப்பசி 15, வெள்ளி

காலையில் வைத்ததும் உறையவில்லை.

டாக்டரம்மா அவன் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தது. மூத்திரத்தைப் பார்த்தது. ஊசி குத்திய இடத்தைப் பார்த்தது. "எங்கேயும் ப்ளீடிங் இல்ல. அப்புறம் ஏன் உறைய மாட்டேங்குது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நின்றது. மருந்து போடச் சொல்லவில்லை. போடுங்களேன் என்றேன். இருங்கம்மா, நேத்து பட்டது போதாதா என்றது.

பத்து மணி போல இன்னொரு பாம்புக்கடி வந்தது. செங்கல் சூளையில் வேலை பார்க்கிற சுடலைமுத்து. கல் அடுக்கும்போது கையில் கடித்திருக்கிறது. முழங்கை வரைக்கும் வீக்கம். கூட அவர் பெண்டாட்டி பூரணம். என் வயது இருக்கும். பக்கத்துக் கட்டில்தான்.

அவருக்கும் ரத்தம் எடுக்க வந்தார்கள். மருந்து இன்னும் பத்துப் பாட்டில்தான் இருக்கிறது, அடுத்தது நாளைக்குத்தான் வரும் என்று ஜெபமணி டாக்டரம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னாலும் என் காதில் விழுந்தது. பூரணம் காதிலும் விழுந்தது.

"டாக்டரம்மா, எங்க புள்ளதான் மொத ஆளு. செவ்வாக்கெழமயில இருந்து கெடக்கான்" என்றேன்.

"மூணு நாளா ஏத்துன மருந்துக்கு இன்னும் ஆசையா மதினி?" என்றாள் பூரணம். "இவ்வோளுக்கு ஒரு சொட்டும் ஏறல."

"அவன் புள்ளத்தாச்சிக்காரி புருசன். வீட்டுல அவ ஒத்தையில கெடக்கா."

"எம் புருசன் மட்டும் யாரும் இல்லாதவரா? நான் யாரு, கட்டிலுக்குக் காவல்காரியா?"

நான் இன்னும் ஒரு வார்த்தை சொன்னேன். அதை எழுத வேண்டாம். விரத நாளில் சொல்லியிருக்கக் கூடாது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றது டாக்டரம்மா. பிறகு ஜெபமணியைப் பார்த்து, "எனக்கு நல்லா இருக்கிற ஒருத்தர் ரத்தம் வேணும். இதே டியூப்ல. பாம்பு கடிக்காத ஆள், மாத்திரை எதுவும் சாப்பிடாத ஆள்" என்றது.

நான் கையை நீட்டினேன்.

"யம்மா, நீங்க விரதம்லா" என்றாள் ஜெபமணி.

"விரதம் வயித்துக்குத்தான தாயி, ரத்தத்துக்கா? எடு."

சங்கரபாண்டி ரத்தம் ஒரு குழாய், சுடலைமுத்து ரத்தம் ஒரு குழாய், என் ரத்தம் ஒரு குழாய். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது. நான் கண்ணை மூடிக் கவசம் சொன்னேன். இரண்டு தடவை சொல்லி முடித்தேன்.

டாக்டரம்மா சங்கரபாண்டியுடையதைச் சரித்தது. ஓடியது. சுடலைமுத்துவுடையதைச் சரித்தது. ஓடியது. என்னுடையதைச் சரித்தது.

அதுவும் ஓடியது.

கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தேனே, தெரியாமல் ஏதாவது தீண்டிவிட்டதா? இல்லை பூரணத்தைப் பேசிய பேச்சுக்கு முருகன் உடனே கூலி கொடுத்துவிட்டானா?

சங்கரபாண்டி படுத்தபடியே, "அத்த, ஒன்னய எந்தப் பாம்பு கடிச்சுது? இல்ல நீ எதயும் கடிச்சு வச்சிட்டியா?" என்றான். நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பூரணம் சிரிக்கவில்லை.

டாக்டரம்மாவும் சிரிக்கவில்லை. ஸ்டாண்டிலிருந்து ரத்தம் படாத ஒரு குழாயை எடுத்தது. அதில் கொஞ்சம் தண்ணீரை விட்டது. பெருவிரலால் வாயை அடைத்துக் குலுக்கியது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது. தண்ணீருக்கு மேலே வரிசையாக நுரை நின்றது.

"சோப்பு" என்றது. "சோப்பு போட்டுக் கழுவியிருக்காங்க. கண்ணாடியில சோப்பு ஒட்டியிருந்தா நல்ல ரத்தம்கூட உறையாது."

அதற்குள் சுடலைமுத்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வாளியில் துப்பினார். சிவப்பாக இருந்தது. டாக்டரம்மா அதற்கு மேல் எதற்கும் காத்திருக்கவில்லை. இருக்கிற பத்தையும் அவருக்கே ஏற்றச் சொன்னது. எதிரில் உள்ள லேபிலிருந்து புதுக் குழாய் வாங்கி வர ஆள் ஓடியது. புதுக் குழாயில் சங்கரபாண்டி ரத்தம் உறைந்தது. என் ரத்தமும் உறைந்தது. சுடலைமுத்து ரத்தம் மட்டும்தான் ஓடியது.

"அப்போ இவனுக்கு நேத்து ஏத்துன மருந்து?" என்றாள் ஜெபமணி.

"தேவையே இல்ல" என்றது டாக்டரம்மா. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தது. பிறகு, "டியூப் யார் கழுவுனது?" என்று கேட்டது.

வேலம்மாள் மாப்புக் கட்டையைப் பிடித்தபடி கதவோரம் நின்றாள். என்னைப் பார்த்தாள். வெளியாள் கையில் அந்தக் குழாயைக் கொடுக்கவே கூடாது, கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று நேற்று வாளியை எடுத்துப் போகும்போது என்னிடம் சொல்லியிருந்தாள்.

"நாந்தாம்மா" என்றாள்.

"எதுல கழுவுன?"

"தண்ணிலதாம்மா."

"தண்ணில நுரை வருமா? பொய் சொல்லாத."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் காலையிலிருந்தே தொண்டை கட்டியிருந்தது. விரத நாளில் பச்சைத் தண்ணீர் நிறையக் குடித்தால் அப்படித்தான் ஆகும்.

சாயங்காலம் சுடலைமுத்துவுக்கு வைத்த குழாயும் ஓடியது. கொடுக்க மருந்து இல்லை. ஆம்புலன்சில் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பூரணம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கட்டிலடியில் என் சீலைக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். "வாரேன் மதினி, உங்க புள்ளைய நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

ஐப்பசி 16, சனி

வேறு ஒருத்தி வந்து வார்டைத் துடைத்தாள். வேலம்மாளை இனிமேல் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். ஜெபமணிதான் சொன்னாள்.

"நெசமாவே சோப்பு போட்டாளான்னு எனக்கு இன்னும் நம்பிக்க இல்ல. எத்தன வருசமா அலசுதா" என்றாள்.

நான் பாலை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

சங்கரபாண்டிக்குக் காலையும் உறைந்தது, மத்தியானமும் உறைந்தது. வீக்கம் வடிகிறது. திங்கட்கிழமை போகலாமாம்.

"அத்த, என்ன ரெண்டு நாளா வாயே தொறக்கல? ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"விரதம்லா. அசதி."

"வருசா வருசம் விரதந்தான் இருக்க. இப்பிடி அமைதியா நான் பாத்ததே இல்லையே."

"தூங்குலே."

சோப்புக் கட்டி பையில்தான் இருக்கிறது. இன்று அதை எடுத்துத் தம்ளர் கழுவப் போனேன். திரும்ப வைத்துவிட்டேன்.

ஐப்பசி 17, ஞாயிறு. சூரசம்ஹாரம்

வெளி நோயாளிகள் உட்காருகிற இடத்தில் டிவியில் திருச்செந்தூரைக் காட்டினார்கள். கடற்கரை முழுக்கத் தலை. நான் அங்கே இருந்திருக்க வேண்டியது. எல்லோரும் அரோகரா போட்டார்கள். நானும் வாயை அசைத்தேன்.

கூட்டம் முடிகிற மட்டும் நிற்கவில்லை. டாக்டரம்மா ரூமுக்குப் போனேன். அது டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் போனில் யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. வைக்கிற வரைக்கும் நின்றேன்.

"அந்தக் குழாய நாந்தாம்மா சோப்பு போட்டுக் கழுவுனேன்."

அது டப்பாவை மூடியது.

"நீங்களா? எதுக்கு?"

"எல்லார் ரத்தமும் பட்டதுன்னு மனசு கேக்கல. சுத்தமா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

"சுத்தமா" என்றது. பிறகு சத்தம் போடாமல்தான் சொன்னது. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "வியாழக்கிழமை உங்க பையன் மூச்சு நின்னு போக வேண்டியது. தேவையில்லாத மருந்து. அந்த மருந்து இருந்திருந்தா சுடலைமுத்துவ இங்கேயே வச்சிருப்பேன். அவருக்குப் போற வழியிலயே யூரின் நின்னு போச்சு. இப்ப டயாலிசிஸ் பண்றாங்க. பொழைப்பாரான்னு கேட்டா எனக்குத் தெரியாது."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"வேலம்மா குடுத்தாளா உங்ககிட்ட?"

"இல்ல."

"வெளியாளுங்க கைல குடுக்கக் கூடாதுன்னு ரூல். அவ குடுக்காம உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"அவ பிரசவ வார்டுக்குப் போயிருந்தா. வாளி குழாயடியில இருந்துச்சு. நானா எடுத்தேன். அவளுக்குத் தெரியவே தெரியாது."

டாக்டரம்மா என் முகத்தையே பார்த்தது.

"செந்தூர் முருகன் மேல சத்தியமாச் சொல்லுதேன். ஆறு நாளா சஷ்டி விரதத்துல இருக்கேன். பொய் சொல்லுவனா?"

கையில் கட்டியிருந்த காப்புக் கயிற்றையும் காட்டினேன். அது கயிற்றைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"சரி. இத்தனை விரதம் இருக்கிறவங்க சொல்றீங்க. நம்பித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தது. "சூப்பர்வைசர்கிட்ட பேசுறேன். நீங்க போங்க."

கதவுக்குப் போனேன். பின்னாலிருந்து, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டது. சாப்பிடவில்லை. டாக்டரம்மா, நீயும் சாப்பிடு என்றேன்.

ஐப்பசி 18, திங்கள்

வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மாத்திரைச் சீட்டு, அடுத்த வாரம் வரச் சொன்ன சீட்டு எல்லாம் பத்திரமாக எடுத்துக்கொண்டேன். ஜெபமணி சங்கரபாண்டி தலையில் கை வைத்து ஜெபம் செய்தாள். முடியட்டும் என்று நான் காத்து நின்றேன்.

வாசலில் வேலம்மாள் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சாத்தி வைத்தாள்.

"யக்கா, நாந்தான அலசச் சொல்லிக் குடுத்தேன்."

"நானா எடுத்தேன்னு சொல்லியாச்சு. நீ வேலயப் பாரு."

"சாமி மேல சத்தியம் பண்ணுனியளாம்லா. சிஸ்டர் சொன்னாவ."

பையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

"தண்ணி மட்டும் போதும்னு நான் சொல்லத்தானக்கா செஞ்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அழுத மாதிரியும் இல்லை. ரொம்பக் களைத்துப் போய்ச் சொன்னாள். பிறகு என் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தாள்.

வீட்டில் கோமதி அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள். பிறகு வந்து, "திருக்கல்யாணம் முடிஞ்சிருக்கும் அத்தே, விரதத்த முடிங்க. சோறு வடிச்சுட்டேன்" என்றாள். வயிறு சரியில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

ஐப்பசி 20, புதன்

தலைக்குக் குளித்தேன். சரவணபவ நோட்டை எடுத்து மடியில் வைத்தேன். பேனாவைத் திறந்தேன். மூடி வைத்தேன்.

இன்றும் பாலும் பழமும்தான். கோமதி ஒரு மாதிரிப் பார்க்கிறாள். கோயில் மணி அடித்தது, போகவில்லை. ஆஸ்பத்திரித் தீட்டு என்று சொன்னேன். மூன்று தடவை குளித்தாயிற்று.

ஐப்பசி 21, வியாழன்

திருச்செந்தூர் போக எடுத்து வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறினேன். சங்கரபாண்டி தோட்டத்து வாழைப்பழம் ஒரு சீப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு கண்டுபிடிப்பதற்குள் கால் ஓய்ந்துவிட்டது. நாலு பேரிடம் கேட்டேன், நாலு பேரும் நாலு மாடி சொன்னார்கள்.

பூரணம் என்னைப் பார்த்து எழுந்தே விட்டாள். "வாங்க மதினி, உங்க புள்ள எப்பிடி இருக்கான்? இவ்வோளுக்கு நேத்து சாயந்தரம் கொஞ்சம் மூத்திரம் வந்துட்டு. டாக்டர்மாரு தேறிருவாவன்னு சொல்லுதாவ" என்று அவளே பேசினாள். நான் வழக்கமாகப் பேசுகிற பேச்சையெல்லாம் அவள் பேசினாள். நான் பழத்தை வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். சோப்பை, குழாயை, அவருக்கு இல்லாமல் போன மருந்தை. வேலம்மாள் கொடுத்ததையும் சொன்னேன். இவளிடம் சத்தியம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பூரணம் ரொம்ப நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பாடு.

"இதச் சொல்ல பஸ் பிடிச்சு வந்தியளாக்கும்" என்றாள்.

"ஆமா."

"வராமலே இருந்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது. ஆறு நாளா எவளோ மகராசி செருப்ப எடுத்துக் குடுத்தாளேன்னு நெனச்சுக்கிட்டு கெடந்தேன்."

நான் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தேன்.

"எங்கிட்டச் சொன்னா முடிஞ்சு போச்சா? கையில குழாயச் சொருகிக்கிட்டு கெடக்கது அவ்வோதான். முழிச்சதும் அவ்வோகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்லித் தர மாட்டேன்."

ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

டயாலிசிஸ் முடிந்து அவர் தூங்குகிறார். முகம் ஊதியிருக்கிறது. வீக்கம் வடிந்த கை போர்வைக்கு வெளியே கிடக்கிறது. எப்போது விழிப்பார் என்று கேட்டதற்கு, தூங்கட்டும், தொடாதீர்கள் என்றாள் இங்கத்து நர்ஸ். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. போனாலும் போகட்டும். ஸ்டூலை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.